கண்ணாடிக்குள் கடல்: கோமாளி மீன் வீட்டுக்கு வந்த வரலாறு

2003ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்தது. ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட ஒரு குட்டி மீன், பள்ளிக்கூடம் போன முதல் நாளே ஒரு முக்குளிப்பவரின் வலையில் சிக்கி, சிட்னியில் ஒரு பல் டாக்டரின் மீன் தொட்டிக்குப் போய்ச் சேர்கிறது. அப்பா மீன் கடல் முழுக்க மகனைத் தேடி அலைகிறது. படம் பார்த்தவர்கள் எல்லோரும் அப்பாவோடு சேர்ந்து தவித்தார்கள்.

ஆனால் அந்தக் கதைக்குள் இன்னொரு கதை ஒளிந்திருக்கிறது. கடல் மீன் ஒன்று கரையில், ஒரு நாலு சுவருக்குள், எப்படி உயிரோடு இருக்கிறது? குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால் அது கடலாகிவிடுமா? ஆகாது. இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் பிடித்தது. அதற்குள் எத்தனை கோடி உயிர்கள் செத்து மிதந்தன என்பதற்குக் கணக்கே கிடையாது.

வீட்டுக்குள் கடலைக் கொண்டுவர ஆசைப்பட்ட ஒவ்வொரு தலைமுறையும் கடலிடம் கடன் வாங்கியது. திருப்பிக் கொடுக்கும் வழி ஒன்று பிறந்தபோது, அதில் முதலில் வந்து நின்றது இந்தக் கோமாளி மீன்தான். அந்தக் கடனின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஒரு தையல்காரியும் ஒரு பாதிரியார் மனைவியும்

மீன் தொட்டி என்றாலே கண்ணாடி வைத்த விஞ்ஞானி ஒருவர் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் தோன்றும். ஆனால் கடல் தொட்டியின் கதை இரண்டு பெண்களிடம் ஆரம்பிக்கிறது.

முதலாமவர் ழான் வில்பிரே. பிரான்சில் பிறந்து, பாரிஸில் தையல் வேலை பார்த்தவர். ஓர் இளவரசியின் கல்யாண உடையைத் தைத்துப் பெயர் வாங்கியவர். ஜேம்ஸ் பவர் என்ற வியாபாரியை மணந்து இத்தாலியின் சிசிலித் தீவுக்குக் குடிபோனார். அங்கே மெசினா கடற்கரையில் 'ஆர்கோனாட்' என்ற ஒருவகைக் கணவாயைப் பார்த்தார். காகிதம் போல மெல்லிய ஓட்டுக்குள் வாழும் பிராணி அது. அந்த ஓட்டை அது தானே செய்துகொள்கிறதா, இல்லை வேறு பிராணியிடமிருந்து திருடுகிறதா என்பது அன்றைய அறிஞர்களின் பெரிய சண்டை. பார்த்தே முடிவு செய்யலாம் என்று 1832ல் கண்ணாடித் தொட்டிகளைச் செய்து, அதில் உயிரோடு வளர்த்துப் பார்த்தார். ஓட்டைத் தானேதான் செய்கிறது என்று நிரூபித்தார். ஆனால் அவர் இருந்தது கடலோரம். தண்ணீர் கெட்டால் புதுத் தண்ணீர் எடுக்க நாலு அடி நடந்தால் போதும்.

இரண்டாமவருக்கு அந்த வசதி இல்லை. அன்னா தைன் என்ற அந்தப் பெண்மணி லண்டன்காரர். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெரிய பதவியில் இருந்த பாதிரியார். 1846ல் டார்க்கீ கடற்கரைக்குப் போனபோது அங்கிருந்த பவள உயிர்கள் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஜாடியில் போட்டால் பயணத்தில் முட்டி மோதி உடைந்துவிடுமே! ஊசி நூலால் அவற்றை ஒரு பஞ்சில் தைத்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டு லண்டன் கொண்டுவந்தார்.

வந்த பிறகுதான் பிரச்சினை. கடல் பல மைல் தூரத்தில். தண்ணீரை அடிக்கடி மாற்ற முடியாது. அன்னா ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த ஜன்னல் அருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நம்மூர் டீக்கடையில் டீ ஆற்றுவது போலத்தான். காற்று கலந்தால் தண்ணீர் புதுசாகிவிடுகிறது. இதைத் தினமும் முக்கால் மணி நேரம் வரை செய்தவர் அந்த வீட்டு வேலைக்காரப் பெண். அவர் பெயரை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை. உலகின் முதல் 'ஏர் பம்ப்' அவர்தான் என்று சொன்னால் தப்பில்லை.

1847ல் அன்னா தொட்டிக்குள் கடற்பாசிகளையும் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் பிராணவாயு தரும், விலங்கு அதைச் சுவாசிக்கும். பவள உயிர்கள் மூன்று வருடம் போலத் தாக்குப் பிடித்தன. கடலிலிருந்து விலகி ஒரு சமநிலையோடு ஓடிய முதல் கடல் தொட்டி இதுதான் என்று பலர் சொல்கிறார்கள்.

லண்டனைப் பிடித்த பைத்தியம்

இதே காலத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் லண்டனில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்துப் பரிசோதனை செய்தார். மீனின் கழிவு செடிக்கு உணவு, செடி விடும் பிராணவாயு மீனுக்கு, அழுகிய இலையைத் தின்ன நத்தை. 1850ல் இதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு கடல் நீரிலும் முயன்றார்.

நாட்டில் வேறு சில விஷயங்களும் சேர்ந்துகொண்டன. 1845ல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி ஒழிந்தது. கண்ணாடி மலிவானது. ரயில் பாதைகள் கடற்கரை வரை போயின. காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஒரு வாளி கடல் உயிர்களோடு வீடு திரும்பலாம். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் 'மீன் வீடு' திறந்தார்கள். அதற்கு முன் கடலடி உயிர்களைப் பக்கவாட்டில், முகத்துக்கு நேரே, பொதுமக்கள் பார்த்ததே இல்லை. கூட்டம் அலைமோதியது.

இதற்கெல்லாம் பின்னால் இருந்த முக்கியமான மனிதர் பிலிப் ஹென்றி காஸ். 1854ல் அவர் எழுதிய புத்தகம்தான் 'அக்வேரியம்' என்ற சொல்லையே இன்றைய பொருளில் பரப்பியது. கடலுக்குத் தூரமாக இருப்பவர்களும் தொட்டி வைக்கலாம் என்று செயற்கைக் கடல் நீருக்கும் அவர் வழி சொன்னார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. இந்த நாலும் சரியான அளவில் சேர்ந்தால் போதும் என்றார்.

அவ்வளவுதான். ஊரே தொட்டி வைக்க ஆரம்பித்தது. ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இல்லாத நடுத்தர வர்க்கத்து வீட்டை நாகரிகம் தெரியாத வீடாகப் பார்த்தார்கள். கடற்கரைப் பாறைக் குட்டைகளில் மக்கள் உளியும் சுத்தியலுமாக இறங்கினார்கள். காஸின் புத்தகம் கையில் இருந்தது.

வீட்டுக்குப் போன உயிர்களில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்தன. செத்ததும் தண்ணீர் கலங்கி நாறும். மறுபடி கடற்கரை, மறுபடி வாளி. சில வருடங்களில் பைத்தியம் தெளிந்துவிட்டது. 1860கள் பிறக்கும்போது பல தொட்டிகள் பரணுக்குப் போய்விட்டன.

ஆனால் கடற்கரை பழையபடி திரும்பவில்லை. காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907ல் எழுதிய 'தந்தையும் மகனும்' என்ற புத்தகத்தில் இதை வேதனையோடு எழுதுகிறார். சிறு வயதில் அப்பாவோடு பார்த்த பாறைக் குட்டைகளின் அழகு, அப்பாவின் புத்தகத்தைப் படித்து வந்த கூட்டத்தின் கையாலேயே அழிந்தது என்பதும், அது அப்பாவுக்கே பெரிய மனக்கஷ்டமாக இருந்தது என்பதும் அந்தப் பக்கங்களின் சாரம். கடலை நேசிக்கச் சொல்லிக் கொடுத்த மனிதர், நேசித்தவர்கள் அதைக் காலி செய்வதைப் பார்க்க நேர்ந்தது. இதுதான் முதல் கடன்.

ஐம்பத்தொன்பது வருடம் வாழ்ந்த 'பாட்டி'

எல்லாத் தொட்டிகளும் நாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. சர் ஜான் டாலியெல் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1828ல் ஒரு கடல் சாமந்தியைப் பிடித்து வந்தார். (கடல் சாமந்தி பூ அல்ல, விலங்கு. பார்க்கத்தான் இதழ் விரித்த பூப்போல இருக்கும். 'அனிமோன்' என்றால் பலருக்குத் தெரியும்.) அதை ஒரு சாதாரணக் கண்ணாடி ஜாடியில் வைத்து, தண்ணீரைத் தவறாமல் மாற்றி வந்தார். 1851ல் டாலியெல் இறந்தார். சாமந்தி இறக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, எடின்பரோவில் 1887 வரை வாழ்ந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பாட்டி'. இறந்தபோது பத்திரிகைகள் இரங்கல் எழுதின.

ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு ஜாடி, ஒரே ஓர் உயிர், நல்ல தண்ணீர், அளவான தீனி. மற்றவர்கள் ஒரு தொட்டிக்குள் ஒரு கடற்கரையையே அடைத்தார்கள். டாலியெல் வளர்த்தது தண்ணீரை. சாமந்தி அதில் வாழ்ந்துகொண்டது. இன்றைக்கும் கடல் தொட்டி வைப்பவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்: மீனைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், தண்ணீரைப் பார்த்துக்கொள்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

தண்ணீர் ஏன் கெடுகிறது? வாரிங்டன் காலத்தில் எல்லோரும் பிராணவாயுவையே நினைத்தார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அம்மோனியா.

மீன் கழிவிலிருந்தும் மிச்சமான தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. மீனுக்கு அது கொடிய விஷம். கடலில் அது கரைந்து காணாமல் போகும். ஒரு சின்னத் தொட்டியில் எங்கே போகும்?

1871ல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் பெரிய மீன்காட்சியகம் அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் இதற்கு அனுபவத்தால் ஒரு விடை கண்டார். பார்வைக்கு வைத்த தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தைத் தரைக்கடியில் இருட்டில் கட்டி, தண்ணீரைச் சுற்றிவர வைத்தார். தண்ணீர் கெடவில்லை. ஏன் என்ற கேள்விக்கு 1890ல்தான் பதில் வந்தது. செர்கே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. லாயிட்டின் குழாயிலும் சுவரிலும் அவருக்கே தெரியாமல் இவர்கள்தான் கூலியில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள்.

இந்த பாக்டீரியாக்கள் குடியேறி எண்ணிக்கை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விட்டால் மீன் சாகும். விக்டோரியா காலத்துத் தொட்டிகள் முதல் வாரத்திலேயே நாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த இந்த விஷயம் வீட்டுத் தொட்டிக்காரர்களுக்கு வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அதுவரை கடல் மீன்களை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பெரிய காட்சியகங்கள்தான். பிரைட்டன், நேப்பிள்ஸ் என்று பல ஊர்களில் வந்தன. 1909ல் சென்னை மெரினாவிலும் ஒன்று திறந்தார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அது மூடப்பட்டது. இந்த ஊர்களெல்லாம் கடலோரம்தான், தண்ணீர் பக்கத்தில் இருந்தது.

விஷப் பூவுக்குள் ஒரு மீன்

இப்போது கதாநாயகன் வருகிறான். ஐரோப்பிய அறிஞர்கள் கோமாளி மீன்களுக்கு 18ம் நூற்றாண்டிலேயே பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீமோவின் இனமான 'ஆம்பிப்ரியான் ஒசெல்லாரிஸ்' 1830ல் பதிவானது. ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் சாராயத்தில் ஊறிய செத்த மீன்கள். அது எங்கே எப்படி வாழ்கிறது என்று தெரியாது.

1868ல் கத்பர்ட் காலிங்வுட் என்ற மருத்துவர், சீனக் கடலில் தான் பார்த்த பிரம்மாண்டமான கடல் சாமந்திகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அந்தச் சாமந்திகளுக்குள் சின்ன மீன்கள் குடியிருந்தன! சாமந்தியின் ஒவ்வொரு விரலிலும் ஆயிரக்கணக்கான விஷ ஊசிகள். வேறு மீன் தொட்டால் இரையாகிவிடும். இது மட்டும் எப்படி?

இந்தக் கேள்வி பல பேரைத் தொட்டி வைக்க வைத்தது. 1930ல் டச்சு அறிஞர் யான் வெர்வே, படாவியா விரிகுடாவில் (இன்றைய ஜகார்த்தா) இந்தக் கூட்டுக் குடித்தனத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1958ல் டேவன்போர்ட், நாரிஸ் என்ற இருவர் தொட்டியில் வைத்துப் பார்த்த ஆய்வில், மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பான கோழைதான் காப்பு என்ற விளக்கம் வலுப்பட்டது. சாமந்தியோடு பழக்கமில்லாத மீன் முதலில் லேசாகத் தொட்டுத் தொட்டுப் பழகி, பிறகுதான் உள்ளே போகிறது என்பதும் தெரிந்தது. மாமியார் வீட்டுக்குப் புது மருமகள் போவது மாதிரி!

இன்னொரு குணமும் தெரியவந்தது. கோமாளி மீன் வீட்டை விட்டு ஊர் சுற்றாது. ஒரு சாமந்தியைச் சுற்றி ஒன்றிரண்டு அடிக்குள் வாழ்க்கையே முடிந்துவிடும். திறந்த கடலில் நீந்தும் மீனுக்குத் தொட்டி சிறை. இதற்கோ சின்ன இடம் பழக்கமானது. வீட்டுத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கடல் மீன் கிடைப்பது கஷ்டம்.

விமானமும் பிளாஸ்டிக் பையும் சயனைடும்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு எல்லாம் மாறியது. பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீர், மீதி பிராணவாயு, வாயை இறுக்கி ஒரு ரப்பர் பேண்டு. விமானத்தில் ஏற்றினால் மறுநாள் நியூயார்க். இலங்கையிலிருந்து ராட்னி ஜான்க்ளாஸ் என்ற முக்குளிப்பாளர் இந்தத் தொழிலின் ஆரம்பகாலத்திலேயே பவளப்பாறை மீன்களை வெளிநாடுகளுக்கு அனுப்பினார். பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் பெரிய சந்தைகளாயின.

வாங்குகிற பக்கமும் தயாரானது. மியாமியில் ராபர்ட் ஸ்ட்ராகன் 1959ல் வீட்டுக் கடல் தொட்டி பற்றிப் புத்தகம் எழுதினார். சரளைக் கற்களுக்கு அடியில் தட்டு வைத்து, தண்ணீரைக் கற்களினூடே இழுக்கும் ஏற்பாட்டை அவர் பரப்பினார். கற்களில் குடியேறும் பாக்டீரியாக்களே வடிகட்டி. 1960களில் சிலிக்கான் பசையால் ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டிகள் வந்தன. அதற்கு முன் இரும்புச் சட்டம் உப்பில் அரித்து, அதுவே மீனுக்கு விஷமாகிக்கொண்டிருந்தது. காஸ் கனவு கண்ட செயற்கைக் கடல் உப்பும் அதே பத்தாண்டில் பாக்கெட்டில் கடைக்கு வந்தது. லிட்டருக்கு 35 கிராம் போல் கரைத்தால் கடல் நீர் தயார். கடலே இல்லாத ஊரிலும் கடல் தொட்டி!

1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். அவரிடம் வடிகட்டியே இல்லை. பவளப்பாறைக் கற்களை அதில் வாழும் நுண்ணுயிர்களோடு எடுத்து வந்து வைத்தார். நல்ல வெளிச்சம், கொஞ்சம் காற்றுக் குமிழ், அவ்வளவுதான். கல்லே வடிகட்டி. அன்று பலர் நம்பவில்லை. 1980களில் பெர்லின் தொட்டிக்காரர்கள் இதே கற்களோடு நுரை பிரிக்கும் கருவியையும் சேர்த்து வெற்றி கண்டபோதுதான் லீயின் அருமை புரிந்தது. அன்னா தைன் ஆசைப்பட்ட பவள உயிர்களை வீட்டில் வளர்ப்பது அதன் பிறகே பலருக்கும் கைகூடியது.

சந்தை பெருகியது. ஆனால் மீன் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதான். சென்னையில் கொளத்தூர் கடைகளில் தொங்கும் கப்பியும் தங்கமீனும் பண்ணையில் பிறந்தவை. நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் அப்படித்தான். கடல் மீன்களின் கதை தலைகீழ். கிட்டத்தட்ட எல்லாமே பாறையிடுக்கிலிருந்து பிடித்தவை.

பிடிக்கிற விதமோ கொடுமை. 1960களில் பிலிப்பைன்ஸில் சயனைடு புகுந்தது. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, பீச்சும் புட்டியில் நிரப்பி, பவளத்தின் பொந்துக்குள் அடிப்பார்கள். மீன் மயங்கி வெளியே வரும். அள்ளிக்கொள்ளலாம். சுற்றியிருக்கும் பவளம் வெளுத்துச் சாகும். பிடிபட்ட மீனும் ஈரலும் குடலும் கெட்டு, பல நாள் கழித்து எங்கோ ஒரு வீட்டுத் தொட்டியில் சாகும். வாங்கியவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து இன்னொன்று வாங்குவார். 1975லேயே பிலிப்பைன்ஸ் அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. வறுமை சட்டத்தைக் கேட்கவில்லை. பிடிக்கிறவருக்குக் கிடைப்பது சொற்பம், வெளிநாட்டுக் கடையில் விலையோ பல மடங்கு.

டெவன் கடற்கரையில் உளி. பிலிப்பைன்ஸில் சயனைடு. நூறு வருடம் கழித்து அதே கதை, பெரிய அளவில். இது இரண்டாவது கடன்.

முட்டையிலிருந்து ஒரு வழி

கடலிலிருந்து பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தால் என்ன? கேட்கச் சுலபம். பெரும்பாலான பவளப்பாறை மீன்கள் முட்டையைத் தண்ணீரில் தூவிவிட்டுப் போய்விடும். பொரியும் குஞ்சு தூசி அளவு. அது தின்னும் தீனி அதைவிடச் சின்னது.

இங்கேதான் கோமாளி மீன் தனித்து நிற்கிறது. அது முட்டைகளைச் சாமந்திக்குப் பக்கத்தில் பாறையில் ஒட்டி வைக்கும். அப்பா மீன் காவல் காக்கும், துடுப்பால் விசிறிவிடும், கெட்ட முட்டையை எடுத்துப் போடும். ஒரு வாரம், பத்து நாளில் இருட்டிய பிறகு பொரியும். குஞ்சு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். மற்ற மீன்களோடு ஒப்பிட்டால் இது பெரிய உருவம்! இரண்டு வாரத்துக்குள் பட்டை தெரிய ஆரம்பித்துவிடும்.

அந்த முதல் நாட்களுக்கான தீனி ஜப்பானில் கிடைத்தது. விலாங்கு வளர்க்கும் குளங்களில் 'ரோட்டிஃபர்' என்ற நுண்ணுயிர் பெருகித் தொல்லை தந்தது. 1960 வாக்கில் அதையே கடல் மீன் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். தொல்லையே மருந்தானது. ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ என்ற உயிரியலாளர் 1970களின் தொடக்கத்தில் இதையெல்லாம் ஒன்று சேர்த்தார். கோமாளி மீன்களை வியாபார அளவில் குஞ்சு பொரிக்க வைத்து விற்றார். கடல் அலங்கார மீன் ஒன்று பண்ணையிலிருந்து கடைக்கு வந்தது கிட்டத்தட்ட அதுவே முதல் முறை.

1977ல் இன்னொரு புதிர் அவிழ்ந்தது. ஹான்ஸ் ஃப்ரிக்கே, சிமோன் ஃப்ரிக்கே என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தன்மையோடு வளர்கின்றன, கூட்டத்தில் மூத்தது பெண்ணாக மாறுகிறது, பெண் செத்தால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடுகிறது என்று விளக்கியது. (நீமோவின் அம்மா செத்த பிறகு அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும். டிஸ்னி அதைக் கண்டுகொள்ளவில்லை!) வளர்ப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆண் எது பெண் எது என்று தேட வேண்டாம். இரண்டு குட்டிகளைச் சேர்த்து விட்டால் அவையே தீர்மானித்துக்கொள்ளும்.

சாமந்தியின் கதை மட்டும் சோகம். 'பாட்டி' குளிர்கடல் இனம், ஜாடியிலும் வாழ்ந்தது. கோமாளி மீன் வாழும் வெப்பக்கடல் சாமந்தியோ தன் உடலுக்குள் பாசிகளை வைத்திருக்கிறது. வலுவான வெளிச்சம் இல்லாவிட்டால் வெளுத்துச் சாகும். மீனுக்குத் துணை வேண்டுமே என்று வாங்கிய எத்தனையோ சாமந்திகள் சில மாதங்களில் கரைந்து போயின. உண்மையில் தொட்டியில் மீனுக்குச் சாமந்தி தேவையே இல்லை. அங்கே துரத்த எதிரி யாரும் இல்லையே!

நீமோவுக்குப் பிறகு

2003ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கண்காணிப்பு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 15 முதல் 20 லட்சம் பேர் கடல் தொட்டி வைத்திருப்பதாகவும், வருடத்துக்கு 2 கோடி முதல் 2.4 கோடி கடல் மீன்கள் விற்பனையாவதாகவும் அது மதிப்பிட்டது. அதிகம் விற்கும் மீன்களின் வரிசையில் கோமாளி மீன் முன்னணியில். அதே வருடம்தான் நீமோ வந்தது. படத்தால் பாறைகள் காலியாகின்றன என்று செய்திகள் பரவின. 2017ல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கூற்றுக்கான ஆதாரங்களை அலசி, அவை மிகவும் மெலிந்தவை என்றது. ஆனால் படம் காரணமோ இல்லையோ, பிடிப்பதால் சேதமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பிலிப்பைன்ஸின் செபுவில் நடந்து 2005ல் வெளியான ஆய்வில், மீன் பிடிக்கப்படும் இடங்களில் கோமாளி மீன்களும் சாமந்திகளும் தெளிவாகக் குறைவாக இருந்தன.

இந்தியாவிலும் இதே பாதையில் சில அடிகள் நடந்திருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் கோமாளி மீன் இனங்கள் உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், விழிஞ்ஞம், மண்டபம் ஆகிய இடங்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலும் பல இனங்களைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டினார்கள். பவளங்களோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம்.

பண்ணையில் பிறந்த கோமாளி மீன் தீனிக்குப் பழகியது, தொட்டிக்குப் பழகியது, நோய் குறைவு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம் கூட வாழும். ஆனாலும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே வருகின்றன. கோமாளி மீன் வழியைத்தான் காட்டியிருக்கிறது, பின்னால் வர வேண்டியவை ஏராளம்.

தொட்டி வைக்கும் ஆசையைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆர்கோனாட்டின் ஓடும், கோமாளி மீனின் கோழைக் காப்பும் கண்ணாடிக்குப் பின்னால்தான் புரிந்தன. ஆனால் காஸுக்கு நேர்ந்தது மறுபடி நேராமல் இருக்க வேண்டுமானால், கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு?" மட்டுமல்ல. "இது பிடித்ததா, வளர்த்ததா?" என்றும் கேட்க வேண்டும். காஸின் காலத்தில் அப்படிக் கேட்கவே வழியில்லை. இரண்டு விதமான மீன் அன்று கிடையாது. இன்று கோமாளி மீன் வாங்கப் போகிறவருக்கு அந்தக் கேள்வியும் இருக்கிறது, நல்ல பதிலும் இருக்கிறது.